வாரிசுகளின் ஹக்கைக் கணக்கிட வழி சொன்ன மேதை

மார்க்கக் கல்வி வேறு, கணக்குப் பாடம் வேறு என்று நம்மில் பலர் எண்ணிக் கொண்டிருக்கிறோம். ஆனால் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும் அல்ஜிப்ராவை ஒரு தனிக் கலையாக வகுத்துத் தந்தவர், வஸிய்யத்தையும் பாகப்பிரிவினையையும் மனத்தில் கொண்டே அதை எழுதினார். அன்னார்தாம் முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மீ அவர்கள்.

அன்னார் ஏறத்தாழ கி.பி. 780-ல் பிறந்தார்கள். ஆரல் கடலுக்குத் தெற்கேயுள்ள குவாரிஸ்ம் நாட்டின் பெயரே அன்னாரின் பெயரோடு ஒட்டிக் கொண்டது. கலீஃபா மஃமூனின் ஆட்சியில் (813–833) பக்தாதின் பைத்துல் ஹிக்மா என்னும் அறிவகத்தில் பணியாற்றினார்கள். வானியல் அட்டவணைகளும் பூகோள நூலும் இயற்றினார்கள். நம் இந்திய எண்முறையை விளக்கியும் ஒரு நூல் எழுதினார்கள். ஏறத்தாழ 850-ல் மறைந்தார்கள்.

கலீஃபாவின் ஊக்கத்தால் எழுதப்பட்ட நூலே ‘அல்ஜப்ர் வல் முகாபலா’. வாரிசுரிமை, வஸிய்யத், வாணிபம், நில அளவை முதலியவற்றில் மக்களுக்குத் தேவைப்படும் கணக்கை எளிதாக்குவதே அதன் நோக்கம். நூலில் ஏறத்தாழப் பாதி வஸிய்யத் கணக்குகளே.

இன்றைய குறியீடுகள் எதுவும் அதில் இல்லை, எல்லாம் சொற்களே. இன்னும் தெரியாத தொகைக்கு ‘ஷைஉ’, அதாவது ‘ஏதோ ஒன்று’ என்று பெயரிட்டார்கள். நம் பிள்ளைகள் எழுதும் எக்ஸ் இதுவே. தெரிந்த எண்ணைத் திர்ஹம் என்றார்கள். மூன்று ஷைஉவும் இரண்டு ஷைஉவும் சேர்ந்தால் ஐந்து ஷைஉ. ஆனால் மூன்று ஷைஉவும் இரண்டு திர்ஹமும் ஐந்து ஆகாது, இனம் வேறு. இந்த வேறுபாடு விளங்கினால் பள்ளிப் புத்தகம் ‘கோவை’ என்று சொல்வது விளங்கிவிடும்.

இதனால் நமக்கென்ன பயன் என்று கேட்கலாம். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் தொழிற்சாலைகள் பெருகியபின் வயல்களும் மனைகளும் லட்சக் கணக்கில் விலை போகின்றன. அங்கே ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக் கொள்வோம். தகப்பனார் மவ்த்தாகி விட்டார். மனைவியும் பெற்றோரும் முன்பே காலமாகி விட்டனர். இரண்டு மகன்களும் ஒரு மகளும் வாரிசுகள். இன்னொரு மகன் தகப்பனாருக்கு முன்பே இறந்துவிட்டதால், அவருடைய பிள்ளைக்கு வாரிசுப் பங்கு இல்லை. ஆகவே, மகளுக்குக் கிடைக்கும் அளவு அந்த யதீம் பேரனுக்கும் கொடுக்கும்படி தகப்பனார் வஸிய்யத் செய்திருந்தார். நிலம் விற்ற தொகை 45 லட்சம். அடக்கச் செலவும் கடனும் 3 லட்சம் போக மீதி 42 லட்சம்.

இங்கே ஒரு சிக்கல். வஸிய்யத்தைக் கொடுத்த பிறகே வாரிசுகள் பங்கிட வேண்டும். ஆனால் மகளின் பங்கு தெரியாமல் வஸிய்யத்தின் அளவு தெரியாது. வஸிய்யத்தைக் கழிக்காமல் மகளின் பங்கும் தெரியாது. அன்னார் காட்டிய வழியில் செல்வோம். மகளின் பங்கு ஒரு ஷைஉ. ஆணுக்கு இரு பங்கு என்பதால் மகன்கள் இருவருக்கும் நான்கு ஷைஉ. பேரனுக்கு ஒரு ஷைஉ. ஆக ஆறு ஷைஉ 42 லட்சத்திற்குச் சமம். ஒரு ஷைஉ 7 லட்சம். மகளுக்கு 7, பேரனுக்கு 7, மகன்களுக்கு ஆளுக்கு 14 லட்சம். வஸிய்யத் மூன்றில் ஒரு பங்கான 14 லட்சத்தைத் தாண்டவில்லை, ஆகவே செல்லும்.

கவனியுங்கள், தொகை தெரியுமுன்பே ஹக்கு எழுதப்பட்டு விட்டது! நிலம் இரு மடங்கு விலை போனாலும் ஆறில் ஒன்று மகளுடையது, ஆறில் ஒன்று யதீமுடையது. நகை போட்டோம், சீர் செய்தோம் என்று சொல்லி, சகோதரியிடம் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்குவோர் சிந்திக்க வேண்டும். சூரத்துந் நிஸாவில் அல்லாஹ்வே வகுத்த பங்கைக் குறைக்க நமக்கு ஏது அதிகாரம்?

அன்னாரின் நூல் 1145-ல் லத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பா சென்றது. ‘அல்ஜப்ர்’ அல்ஜிப்ரா ஆயிற்று. அன்னாரின் பெயர் ‘அல்காரிதம்’ என்று கணினித் துறையில் வழங்குகிறது. நம் பிள்ளைகள் கணக்குப் புத்தகத்தைத் திறக்கும்போது இந்த வரலாற்றைச் சொல்லிக் கொடுங்கள். உங்கள் வீட்டுப் பாகப்பிரிவினையையே அவர்களுக்குக் கணக்காகக் கொடுங்கள்.

பிறர் ஹக்கைப் பேணி நடக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.