லாசர் என்னும் தேவசகாயம்



கல்லறைத் திருநாளையொட்டி ஜவ்வாது மலையிலுள்ள புதூர்நாட்டுக்கு ஒருமுறை சென்றிருந்தோம். திருப்பத்தூரிலிருந்து புறப்படும் பேருந்து வளைந்து வளைந்து மலையேறும்போதே குளிர் தொடங்கிவிடுகிறது. வழியெங்கும் சாமை வயல்கள், புளிய மரங்கள். அங்கே ஒரு மூதாட்டி எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். அவர் வயது வந்த பின் திருமுழுக்குப் பெற்றவர். கணவரும் கிறிஸ்தவராகவே இறந்தார். ஆனால் அவரைப் பெற்ற தாய் தம் முன்னோரின் தெய்வங்களையே கும்பிட்டு மறைந்தவர். மோட்சத்தில் கணவரைப் பார்ப்பேன் என்கிறீர்களே, அம்மாவைப் பார்ப்பேனா என்பதுதான் அவருடைய கேள்வி.

சமவெளிப் பங்குகளில் இந்தக் கேள்வி அவ்வளவாக எழுவதில்லை. தாத்தா, பாட்டி, அப்பா என்று எல்லாரும் ஒரே கல்லறைத் தோட்டத்தில் துயில் கொள்கிறார்கள். மலையில் அப்படி இல்லை. அங்கே ஒரே வீட்டில் இரு வேறு நம்பிக்கைகள் உண்டு. இழப்போ எல்லாருக்கும் ஒன்றுதான். 2022 ஏப்ரல் 2 அன்று புதூர்நாடு பகுதி மலைப்பாதையில், கோயிலுக்குச் சென்றுகொண்டிருந்தவர்களின் வேன் பள்ளத்தில் கவிழ்ந்து பத்துப் பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். அந்தத் துயரத்தை நாம் மறந்திருக்க மாட்டோம்.

அது நடந்து ஆறு வாரங்கள் கழித்து, 2022 மே 15 அன்று, உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் நம் தமிழ் மண்ணின் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தார். அந்த மூதாட்டியின் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு இவருடைய வாழ்வைச் சிறிது திரும்பிப் பார்ப்போம். இவரும் இரு வேறு நம்பிக்கைகள் கொண்ட குடும்பத்தின் மகன்தான்.

1712 ஏப்ரல் 23 அன்று, இன்றைய குமரி மாவட்டத்தின் நட்டாலத்தில் நீலகண்டனாகப் பிறந்தார். குடும்பம் செல்வாக்கானது, வழிபாட்டில் பற்றுள்ளது. வளர்ந்தபின் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரசுப் பணியில் சேர்ந்தார். பார்கவி அம்மாளை மணந்தார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக இழப்புகள் வந்தன. கால்நடைகள் இறந்தன, பயிர் அழிந்தது, சொத்து கரைந்தது. மனம் உடைந்து போனார்.

அப்போது அவருக்குத் துணையாக வந்தவர் டி லனாய். 1741-இல் குளச்சல் போரில் மன்னரிடம் சிறைப்பட்ட டச்சுப் படைத் தலைவர் இவர். பின்னர் மன்னரின் படைக்கே பயிற்சி அளித்தவர். கத்தோலிக்கர். தம் நண்பரின் வாடிய முகத்தைக் கண்டு அவர் எடுத்துச் சொன்னது யோபுவின் வரலாறு.

ஏன் யோபு? நீலகண்டனின் கதை யோபுவின் கதையைப் போலவே இருந்தது என்பது வெளிப்படை. ஆனால் அந்நூலின் முடிவில் நாம் கவனிக்காமல் விடும் ஒரு கணக்கு உண்டு. யோபு இழந்த ஆடுகள் 7000, திரும்பக் கிடைத்தவை 14000. ஒட்டகங்கள் 3000 இருந்தன, 6000 ஆயின. எல்லாமே இரட்டிப்பு. பிள்ளைகள் மட்டும் அப்படியல்ல. முன்பும் ஏழு மகன்கள், மூன்று மகள்கள். பின்பும் அதே ஏழு மகன்கள், மூன்று மகள்கள். ஆடும் ஒட்டகமும் செத்தால் போனதுதான், பிள்ளைகளோ இறைவனிடம் இருக்கிறார்கள், ஆகவே புதிதாகப் பத்துப் பேர் பிறந்தபோது அவர் பிள்ளைகளும் இரட்டிப்பாயினர் என்று மறையுரையாளர்கள் பழங்காலத்திலிருந்தே விளக்கி வந்திருக்கிறார்கள். விவிலியம் இதை நேராகச் சொல்லவில்லை. என்றாலும் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் இந்தக் கணக்கைச் சொல்லும்போது, கேட்பவர்களின் முகம் மாறுவதை நாங்கள் பலமுறை பார்த்திருக்கிறோம்.

1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் இயேசு சபை அருள்பணியாளர் புத்தாரி அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். அவர் பெற்ற பெயர் லாசர். கடவுளே துணை என்பது அதன் பொருள், தமிழில் தேவசகாயம். இயேசு சொன்ன உவமைகளில் பெயர் சூட்டப்பட்ட ஒரே மனிதர் ஏழை லாசர்தான் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். வாசலில் கிடந்து பசித்த அவரை வானதூதர்கள் ஆபிரகாமின் மடிக்குக் கொண்டு சேர்த்தார்கள். பார்கவி அம்மாளும் பின்னர் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார்.

புதிய கிறிஸ்தவர் சும்மா இருக்கவில்லை. தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு வேறுபாடின்றிப் பழகினார். அரண்மனை வட்டாரத்தில் பலருக்கு இது பொறுக்கவில்லை. 1749 பிப்ரவரி 23 அன்று கைதானார். அதன் பின்னணி குறித்து வரலாற்று ஆய்வாளர்களிடையே விவாதங்கள் உண்டு, நாம் அதற்குள் போகவில்லை. எருமை மீது ஏற்றி, எருக்கம்பூ மாலை அணிவித்து ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள். சவுக்கால் அடித்து, காயத்தில் மிளகாய்ப் பொடி தூவி, வெயிலில் நிறுத்தினார்கள். பெருவிளையில் மாதக்கணக்கில் மரத்தில் கட்டி வைத்தார்கள். புலியூர்க்குறிச்சியில் அவர் தாகத்தோடு வேண்டி முட்டியால் இடித்த பாறையிலிருந்து நீர் வந்தது என்பது மரபு. அந்த முட்டிடிச்சான் பாறையை இன்றும் மக்கள் தேடிச் செல்கிறார்கள்.

ஏறத்தாழ மூன்று ஆண்டுகள்! நம்பிக்கையை விட்டுவிட்டால் வீடு திரும்பியிருக்கலாம். அவர் விடவில்லை. மேகத்துக்கு மேலே ஒரு பொன் மாளிகை கிடைக்கும் என்பதற்காகவா இதைத் தாங்கினார்? நம்மில் பலர் விண்ணகத்தை அப்படித்தான் எண்ணிக்கொள்கிறோம். ஜவ்வாது மலையிலேயே காவலூரில் 93 அங்குல ஆடி கொண்ட தொலைநோக்கி இருக்கிறது, 1986 முதல் வானத்தை ஆராய்ந்து வருகிறது. எவ்வளவு தூரம் பார்த்தாலும் அது காண்பது வானத்தைத்தான், விண்ணகத்தை அல்ல. விண்ணகம் என்பது மேகங்களுக்கிடையே உள்ள ஓர் இடமன்று, மூவொரு கடவுளோடு நாம் கொள்ளும் உயிருள்ள உறவு என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1999 ஜூலையில் தம் மறைக்கல்வி உரையில் விளக்கினார். அந்த உறவு இறந்த பிறகுதான் தொடங்குகிறது என்றில்லை. மரத்தில் கட்டுண்டு கிடந்தபோதே அவருக்கு அது தொடங்கிவிட்டது. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் அவரிடம் ஆறுதல் பெற்றுத் திரும்பினார்கள் என்றால் காரணம் இதுதான்.

1752 ஜனவரி 14 இரவு ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 39. உடலைக் காட்டில் எறிந்தார்கள். சில நாள்களுக்குப் பின் மக்கள் எலும்புகளைச் சேகரித்துக் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். செய்தி அறிந்த கொச்சி ஆயர், நன்றிப் பாடல் பாடி இறைவனைப் புகழும்படி பணித்தார் என்கிறது வரலாறு.

ஞானப்பூ அம்மாளின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஊரார் நன்றிப் பாடல் பாடும்போது வீட்டில் அவர் தனி. பிறந்த ஊருக்குத் திரும்பவும் இயலாமல் வடக்கன்குளத்திலேயே வாழ்ந்து, அங்கேயே அடக்கமானார். விண்ணகத்தில் சந்திப்போம் என்ற நம்பிக்கை அவருடைய கண்ணீரை நிறுத்தியிருக்கும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். லாசரின் கல்லறையில் இயேசுவே அழுதார் அல்லவா? சற்று நேரத்தில் அவரை எழுப்பப்போவது தெரிந்தும் அழுதார்.

அதே வடக்கன்குளத்தில் இன்னொரு வேதனையும் நடந்தது. பிற்காலத்தில் அங்கே ஆலயத்துக்குள்ளேயே சாதியின் பெயரால் சுவர் எழுப்பி மக்களைப் பிரித்து வைத்தார்கள். 1910-இல் கௌசானல் அடிகளார் அதை இடித்தார். வழக்கு நீதிமன்றம் வரை போனது. தேவசகாயத்தின் பெயரோடு நெடுங்காலம் ஒட்டியிருந்த சாதிப் பெயரையும் புனிதர் பட்டத்துக்கு முன் உரோமை நீக்கிவிட்டது. ஆனால் நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் அந்தச் சுவர் இன்னும் இருக்கிறது. ஒரே விண்ணகத்தை அறிக்கையிடும் நாம் இறந்தவர்களைத் தனித்தனியே புதைக்கிறோம். இறுதி நாளில் உடல்கள் உயிர்த்தெழும்போது சுவரின் எந்தப் பக்கம் எழுவார்கள்?

மூதாட்டியின் கேள்விக்கு வருவோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் திருச்சபை பற்றிய தன் ஏட்டில் இதற்கு வழி காட்டியிருக்கிறது. தம் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாமல் இருந்து, நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சான்றின்படி வாழ முயன்றவர்களும் இறையருளால் மீட்படையக்கூடும். நட்டாலத்தில் தேவசகாயத்தைப் பெற்று வளர்த்தவர்களுக்கும் இந்த நம்பிக்கை பொருந்தும். இதைத்தான் அந்த அம்மாவிடம் எங்களுக்குத் தெரிந்த எளிய சொற்களில் சொன்னோம். அவருக்காகச் செபிக்கலாமா என்று கேட்டார். தாராளமாகச் செபியுங்கள் என்றோம்.

திருப்பலி முடிந்து கல்லறைகளை மந்திரித்தபோது அவர் கையில் இரண்டு மெழுகுவர்த்திகள் இருந்தன. ஒன்றைக் கணவரின் கல்லறையில் ஏற்றினார். மற்றொன்றைத் தோட்டத்தின் ஓரத்தில், தாயைப் புதைத்த ஊர் இருந்த பக்கமாக, காற்றுக்குக் கையால் மறைத்தபடி ஏற்றி வைத்தார்.