ஒரு தேர்தலில்கூட ஜெயிக்காதவர் நியூயார்க்கையே மாற்றியது எப்படி? ராபர்ட் மோசஸின் கதை

1952 டிசம்பர். நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் இருக்கும் ஈஸ்ட் ட்ரெமான்ட்டில் சுமார் 1,500 குடும்பங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. எக்ஸ்பிரஸ்வே வரப்போகிறது, 90 நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

அங்கே இருந்தவர்களில் பெரும்பாலானோர் யூதத் தொழிலாளர் குடும்பங்கள். குறைந்த வாடகை, பக்கத்திலேயே பூங்கா, நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம் என்று செட்டில் ஆகியிருந்தவர்கள். கடிதத்தில் கையெழுத்து போட்டிருந்தவர் மேயர் இல்லை, ஆளுநரும் இல்லை. ராபர்ட் மோசஸ். அவரை யாரும் ஓட்டு போட்டுத் தேர்ந்தெடுத்ததில்லை. ஆனால், நியூயார்க்கில் அன்றைக்கு அவர் கோடு போட்டால் அதுதான் ரோடு!

யார் இந்த மோசஸ்?

1888-ல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில், வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்தவர். யேல், ஆக்ஸ்ஃபோர்டு என்று படித்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். இளம் வயதில் அவர் ஒரு சீர்திருத்தவாதி. நகர நிர்வாகத்தில் சிபாரிசுக்கு வேலை தரக் கூடாது, திறமைக்குத்தான் தர வேண்டும் என்று ஒரு திட்டம் போட்டார். அரசியல்வாதிகள் அதைக் குப்பையில் போட்டார்கள்.

நல்ல யோசனை மட்டும் போதாது, அதிகாரம் வேண்டும் என்று மோசஸுக்குப் புரிந்த இடம் இதுதான்.

அவருக்குக் கதவைத் திறந்தவர் நியூயார்க் ஆளுநர் ஆல் ஸ்மித். (அமெரிக்காவில் ஆளுநர் என்பவர் மக்கள் ஓட்டு போட்டுத் தேர்ந்தெடுப்பவர். நம்ம ஊர் முதல்வர் மாதிரி.) ஸ்மித்திடம் மோசஸ் கற்றுக்கொண்ட முக்கியமான வித்தை, சட்ட மசோதா எழுதுவது. 1924-ல் லாங் ஐலண்ட் மாநிலப் பூங்கா ஆணையத்துக்கான சட்டத்தை எழுதியவர் அவர். அதன் தலைவராக வந்தவரும் அவரே. நிலம் எடுப்பதற்கான அதிகாரம் அந்தச் சட்டத்துக்குள் அடக்கமாக உட்கார்ந்திருந்தது. ஓட்டு போட்ட உறுப்பினர்கள் பலர் அதைக் கவனிக்கவே இல்லை.

ஹீரோவான காலம்

ஆரம்பத்தில் மக்கள் அவரைக் கொண்டாடினார்கள். அதில் நியாயமும் இருந்தது. 1929-ல் திறக்கப்பட்ட ஜோன்ஸ் பீச், சாதாரண மக்களுக்கான பிரமாண்டமான பொதுக் கடற்கரை. 1934-ல் நகரப் பூங்காக்களின் கமிஷனர் ஆனார். பொருளாதாரப் பெருமந்தம் அமெரிக்காவைப் போட்டு வாட்டிக்கொண்டிருந்த நேரம் அது. மத்திய அரசின் நிவாரணப் பணத்தை வைத்து ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்தார். 1936 கோடையில் மட்டும் 11 பிரமாண்ட நீச்சல் குளங்களைத் திறந்தார்.

அவர் காலத்தில் 658 விளையாட்டு மைதானங்கள், 13 பாலங்கள், 416 மைல் பார்க்வே சாலைகள் வந்தன. ஒரே நேரத்தில் 12 பதவிகள் வரை வகித்தார். இத்தனைக்கும் அவருக்கு கார் ஓட்டத் தெரியாது. கடைசி வரை டிரைவர்தான்.

1934-ல் ஒரே ஒரு முறை, ஆளுநர் தேர்தலில் நின்றார். 8 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் தோல்வி. அதற்குப் பிறகு மக்களிடம் ஓட்டு கேட்கவே இல்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

அதிகாரத்தின் ரகசியம் என்ன?

மோசஸின் பலம் ‘ஆணையம்’ என்ற சட்ட அமைப்பில் இருந்தது. மன்ஹாட்டன், பிராங்க்ஸ், குயின்ஸ் மூன்றையும் இணைக்கும் ட்ரைபரோ பாலம் 1936-ல் திறக்கப்பட்டது. இது போன்ற பாலத்தைக் கட்ட ஓர் ஆணையம் அமைப்பார்கள். அது கடன் பத்திரம் விற்றுப் பணம் திரட்டும். டோல் வசூலித்துக் கடனை அடைக்கும். கடன் அடைந்ததும் ஆணையம் கலைந்துவிடும். வழக்கம் இதுதான்.

மோசஸ் இந்த விதியை மாற்றி எழுதினார். பழைய கடன் தீர்வதற்கு முன்பே புதுக் கடன் பத்திரம் வெளியிடலாம், அந்தப் பணத்தில் புதிய சாலை, புதிய பாலம் கட்டலாம் என்று சட்டத் திருத்தம் வந்தது. அப்படின்னா, கடன் எப்போதும் தீராது. ஆணையமும் கலையாது.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. கடன் பத்திரம் என்பது முதலீட்டாளரோடு போடும் ஒப்பந்தம். ஒப்பந்தங்களைக் குலைக்கும் சட்டத்தை எந்த மாநிலமும் இயற்றக் கூடாது என்கிறது அமெரிக்க அரசியல் சாசனம். ஆணையத்தின் அதிகாரங்களை மோசஸ் அந்த ஒப்பந்தத்துக்குள்ளேயே எழுதி வைத்தார். இனி மேயரோ, ஆளுநரோ, சட்டமன்றமோ நினைத்தாலும் அவற்றில் சுலபமாகக் கை வைக்க முடியாது. டோல் பணம் கொட்டியது. பட்ஜெட்டுக்காக யாரிடமும் போய் நிற்க வேண்டிய அவசியம் இல்லை.

அவர் சொந்தமாகப் பணம் சம்பாதித்தார் என்று பெரிதாகக் குற்றச்சாட்டு இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது அதிகாரம்தான்.

விலை கொடுத்தது யார்?

போருக்குப் பிறகு மோசஸின் திட்டங்கள் காலி நிலத்தை விட்டு, மக்கள் நெருக்கமாக வாழும் இடங்களுக்குள் நுழைந்தன. பொதுப் பயன்பாட்டுக்காக, நியாயமான இழப்பீடு கொடுத்து, தனியார் நிலத்தை அரசு எடுக்கலாம் என்பது அமெரிக்கச் சட்டம். ஆனால், இழப்பீடு போவது கட்டடத்தின் உரிமையாளருக்கு. வாடகைக்கு இருந்தவர்களுக்குக் கிடைத்தது சொற்பம்.

ஈஸ்ட் ட்ரெமான்ட் மக்கள் சும்மா இருக்கவில்லை. இல்லத்தரசிகள் திரண்டு போராடினார்கள். சாலையைக் கொஞ்சம் தெற்கே, பூங்காவின் ஓரமாகக் கொண்டுபோனால் மிகச் சில கட்டடங்கள்தான் இடிபடும் என்று பொறியாளர்களை வைத்து மாற்றுப் பாதையே போட்டுக் காட்டினார்கள். மோசஸ் அசையவில்லை. கிராஸ் பிராங்க்ஸ் எக்ஸ்பிரஸ்வே அவர் போட்ட கோட்டிலேயே வந்தது.

1949-ல் வந்த மத்திய வீட்டுவசதிச் சட்டம் அவருக்கு இன்னொரு கருவி. ‘சேரி’ என்று அறிவித்த பகுதியை நகரம் கையகப்படுத்தி, இடித்து, தனியார் கட்டுமான நிறுவனங்களுக்குக் குறைந்த விலையில் கொடுக்கலாம். நஷ்டத்தில் மூன்றில் இரண்டு பங்கை மத்திய அரசு ஏற்கும். இப்படி நிலத்தை எடுப்பது செல்லும் என்று 1954-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இன்று உலகப் புகழ்பெற்ற கலை மையமாக இருக்கும் லிங்கன் சென்டர் இந்த வழியில் வந்ததுதான். அதற்காக வெளியேற்றப்பட்டவை சுமார் 7,000 குடும்பங்கள்.

இப்படி இடம்பெயர்ந்தவர்களில் கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோ மக்களும் ஏராளம். பலர் போய்ச் சேர்ந்தது ஏற்கெனவே நெரிசலில் திணறிய வேறு பகுதிகளுக்கு. நெடுஞ்சாலைகளுக்காக மட்டும் சுமார் 2.5 லட்சம் பேர் வீடிழந்தார்கள் என்பது அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதிய ராபர்ட் காரோவின் கணக்கு.

பாலங்கள் பற்றிய சர்ச்சை

ஜோன்ஸ் பீச்சுக்குப் போகும் பார்க்வேக்களில் பாலங்களை வேண்டுமென்றே தாழ்வாகக் கட்டி, ஏழைகளும் கறுப்பின மக்களும் வரும் பஸ்களைத் தடுத்தார் என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. காரோவின் புத்தகம் மூலம் பிரபலமானது இது. பார்க்வேக்களில் பஸ், லாரிகளுக்கு எப்படியும் தடை இருந்ததே என்று சில ஆய்வாளர்கள் இதை மறுக்கிறார்கள். நோக்கம் என்ன என்பதில் விவாதம் ஓயவில்லை. கார் இல்லாதவர்களுக்கு அந்தக் கடற்கரைக்குப் போவது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை என்பது மட்டும் உண்மை.

சரிவு

முதல் அடி கொடுத்தது அம்மாக்கள். 1956-ல் சென்ட்ரல் பார்க்கில் ஒரு ரெஸ்டாரண்ட்டுக்குப் பார்க்கிங் அமைப்பதற்காக, குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு புல்டோசர் வந்தது. தள்ளுவண்டியில் குழந்தைகளோடு பெண்கள் குறுக்கே நின்றார்கள். பத்திரிகைகளில் படம் வந்தது. மோசஸ் பின்வாங்கினார். அங்கே விளையாட்டுத் திடல்தான் வந்தது.

அடுத்து, வாஷிங்டன் ஸ்கொயர் பூங்கா வழியே அவர் போட நினைத்த சாலை. அந்தப் பகுதிப் பெண்கள் முன்னின்று நடத்திய போராட்டத்தில் அதுவும் கைவிடப்பட்டது. அந்தப் போராட்டத்தில் இருந்த ஜேன் ஜேக்கப்ஸ், நகரத் திட்டமிடலைக் கேள்வி கேட்டு 1961-ல் எழுதிய புத்தகம் ஒரு தலைமுறையையே மாற்றியது. மன்ஹாட்டனின் தென்பகுதியைக் குறுக்கே வெட்டிப் போக இருந்த எக்ஸ்பிரஸ்வேயும் 1960-களின் இறுதியில் கைவிடப்பட்டது.

காரியம் ஆகணும்னா ராஜினாமா செய்வேன் என்று மிரட்டுவது மோசஸின் பழைய பழக்கம். 1962-ல் ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லரிடமும் அதையே செய்தார். ராக்ஃபெல்லர் அதை ஏற்றுக்கொண்டுவிட்டார்! 1968-ல் மோசஸின் ஆணையம் போக்குவரத்துக்கான புதிய மாநில ஆணையத்தோடு இணைக்கப்பட்டது. கடன் பத்திரதாரர்கள் சார்பில் இதைத் தடுக்க வேண்டிய வங்கி சேஸ் மன்ஹாட்டன். அதன் தலைவர் டேவிட் ராக்ஃபெல்லர், ஆளுநரின் தம்பி. வழக்கு சமரசத்தில் முடிந்தது. யாராலும் உடைக்க முடியாது என்று மோசஸ் கட்டிய கோட்டை அத்தோடு போனது.

1974-ல் வெளிவந்த காரோவின் ‘தி பவர் புரோக்கர்’ அவர் புகழைப் புரட்டிப்போட்டது. அடுத்த ஆண்டே அதற்கு புலிட்சர் பரிசு கிடைத்தது. 1981-ல், 92 வயதில் மோசஸ் இறந்தார்.

இன்றைக்கு என்ன மிச்சம்?

இது போன்ற இடிப்புகளுக்கு நாடு முழுக்க எழுந்த எதிர்ப்பு சட்டத்தையும் மாற்றியது. மத்திய அரசின் பெரிய திட்டம் என்றால் சுற்றுச்சூழல் பாதிப்பை முன்கூட்டியே ஆராய வேண்டும் என்ற சட்டம் 1970 முதல் அமலில் இருக்கிறது. மத்திய அரசின் பணத்தில் நடக்கும் திட்டங்களில் வாடகைதாரர்களுக்கும் மறுகுடியமர்வு உதவி தர வேண்டும் என்ற சட்டமும் அதே ஆண்டு வந்தது. நெடுஞ்சாலைகளால் துண்டாடப்பட்ட பகுதிகளை மீண்டும் இணைக்க, 2021-ன் உள்கட்டமைப்புச் சட்டம் 100 கோடி டாலர் ஒதுக்கியது.

மறுபக்கம், இத்தனை விதிகளால் அமெரிக்காவில் ஒரு ரயில் பாதை போடக்கூட வருடக்கணக்கில் ஆகிறது, மோசஸ் மாதிரி ஒருவர் இருந்தால் தேவலை என்று பேசுபவர்களும் இருக்கிறார்கள்.

அவர் திறந்த குளங்களில் குழந்தைகள் இன்றும் நீந்துகிறார்கள். கிராஸ் பிராங்க்ஸ் எக்ஸ்பிரஸ்வேயில் தினமும் டிராஃபிக் ஜாம். அதன் ஓரத்தில் வாழும் குழந்தைகள் ஆஸ்துமாவோடு வளர்கிறார்கள். இரண்டுக்கும் திட்டம் போட்டவர் ஒரே ஆள்தான். ஈஸ்ட் ட்ரெமான்ட் அம்மாக்கள் காட்டிய அந்த மாற்றுப் பாதையை மட்டும் அவர் கடைசி வரை ஏற்கவே இல்லை.