கொம்பில் கலை வளர்த்தவர்

சீன நாட்டில் கியாங்சு மாநிலத்தில், தைஹூ ஏரியின் வடகரையில் அமைந்த நகரம் வூசி. காங்சி பேரரசர் ஆண்ட காலத்தில் (1661–1722) அந்நகரில் யோ துங் என்னும் சிற்பி புகழுடன் விளங்கினார். காண்டாமிருகக் கொம்பில் கிண்ணம் செதுக்குவதில் அவருக்கு நிகரானவர் அரியர். ஆதலின் மக்கள் அவர் பெயரோடு கொம்புக் கிண்ணத்தையும் சேர்த்து, ஒரே பெயராக வழங்கலாயினர்.

காண்டாமிருகத்தின் கொம்பு எலும்பன்று. நம் நகத்தைப் போன்ற பொருளால் ஆயது. அதன் அடி அகன்று குழிந்திருக்கும்; நுனி கூர்ந்திருக்கும். அதனைத் தலைகீழாகக் கொண்டு, குழிந்த அடியையே கிண்ணத்தின் வாயாக அமைப்பது வழக்கம். இயற்கை தந்த வடிவத்துள் அடங்கியே சிற்பி தன் கற்பனையை விரிக்க வேண்டும். உளி ஒருமுறை தவறினும் விலைமதிப்பற்ற கொம்பு பாழாகும். எனவே, இக்கலைக்குக் கூரிய உளியினும் பொறுமையே பெரிதும் வேண்டுவதாயிற்று.

யோ துங்கின் இளமைப் பயிற்சி பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. உறவினர் ஒருவரிடமிருந்த பழங்கிண்ணத்தை அவர் இரவலாகப் பெற்று, அதனைப் போன்றே மற்றொன்று செதுக்கினாராம். செடியின் சாறு கொண்டு அதற்குப் பழமை நிறமும் ஏற்றினாராம். இரண்டையும் ஒருங்கே கண்ட உறவினர், தம்முடையது எது எனத் தெரியாது திகைத்தார் என்பர்.

எனினும், பிறர் படைப்பைப் படியெடுப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. ஆன் பேரரசின் தூதரான சாங் சியென், தெப்பமேறி வானத்து ஆற்றை அடைந்தார் என்பது சீனரின் பழங்கதை. யோ துங் கொம்பினைக் கிடையாக வைத்து, அதனையே தெப்பமாக்கினார். தெப்பத்தின் மேல் ஒரு முதியவர் அமர்ந்திருக்கிறார். கீழே அலைகள் புரள்கின்றன. உள்ளே மது நிறைக்க இடமும் உண்டு. பிற்காலத்தில் சியென்லுங் பேரரசர் தம் கவிதையை அதன்மீது பொறிக்கச் செய்தார். அக்கிண்ணம் பீக்கிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளது.

யோ துங்கின் திறமை அரண்மனைக்கும் எட்டியது. பேரரசர் அவரைத் தம் பணிக்கு அழைத்துக்கொண்டார். சிறு முத்து ஒன்றின் மேல் நீண்ட செய்யுளை அவர் பொறித்தார் என்றும் கூறுவர்.

இக்கலையின் மறுபுறத்தையும் நாம் மறத்தலாகாது. கொம்பினை விரும்பிய மாந்தர் காண்டாமிருகங்களைக் கொன்று குவித்தனர். கொம்புக் கிண்ணம் நஞ்சினைக் காட்டிக் கொடுக்கும் என்ற பொய்ந்நம்பிக்கையும் அவ்வேட்கையை வளர்த்தது. உலகில் அவ்விலங்கினம் அருகியதால், 1993-இல் சீன அரசு அக்கொம்பின் வாணிகத்தைத் தடை செய்தது.

யோ துங்கின் உளித்திறம் போற்றத்தக்கது. அதற்குப் பொருளாய் அமைந்த உயிரோ காக்கத்தக்கது. அவர் விட்டுச் சென்ற கிண்ணத்தைக் கண்டு மகிழ்வோம். அத்தகைய மற்றொன்றிற்காக ஓர் உயிர் மாய்வதை மட்டும் விரும்பாதிருப்போம்.