முகங்களில் மனிதரைக் கண்ட ஓவியர்

ஓவியம் என்றதும் பூக்களும் மலைகளும் அரசர்களின் அலங்காரத் தோற்றங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் சுருக்கம் விழுந்த மூதாட்டியின் முகத்திலும் கந்தையுடுத்திய ஏழையின் முகத்திலும் காணத்தக்க மேன்மை உண்டு என்று காட்டிய ஓவியர் ஒருவர் வாழ்ந்தார். அவரே ஹாலந்து நாட்டின் ரெம்பிராண்ட்.

1606ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் லெய்டன் நகரில், மாவு ஆலைக்காரர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். தாயார் ரொட்டி சுடுபவரின் மகள். பெற்றோர் அவரைக் கல்வியில் சேர்த்தனர். அவர் மனமோ ஓவியத்தையே நாடியது. கண்ணாடி முன் அமர்ந்து சிரித்தும் சினந்தும் வியந்தும் தம் முகத்தையே வரைந்து பழகினார். பிச்சைக்காரர்களைப் பலர் வேடிக்கைப் பொருளாக வரைந்த அக்காலத்தில், 1630இல் செம்புத் தகட்டில் ஒரு பிச்சைக்காரரை உருவாக்கினார். அந்த ஏழைக்கு அவர் கொடுத்தது தம் சொந்த முகத்தை!

பின்னர் ஆம்ஸ்டர்டாம் நகரில் குடியேறிய அவருக்குப் புகழும் பொருளும் குவிந்தன. 1634இல் சாஸ்கியா என்னும் மங்கையை மணந்தார். 1639இல் 13,000 கில்டர் விலையில் பெரிய வீடு வாங்கினார். ஆனால் மூன்று குழந்தைகள் கைக்குழந்தைகளாகவே இறந்தன. 1641இல் பிறந்த டைட்டஸ் மட்டுமே பிழைத்தான். மறு ஆண்டே சாஸ்கியா தம் 29ஆம் வயதில் மறைந்தார். 'இரவுக் காவல்' என்னும் புகழ்பெற்ற ஓவியம் முடிந்ததும் அதே 1642இல்தான்.

அவர் வீட்டைச் சுற்றி யூதர் பலர் வாழ்ந்தனர். ஐரோப்பாவில் பலரும் யூதரை இழிவாக எண்ணிய காலம் அது. ரெம்பிராண்டோ அவர்களை அயலாராகக் கண்டு மரியாதையுடன் வரைந்தார். இயேசுபிரானின் முகத்தைக்கூட ஒரு யூத இளைஞரைப் பார்த்தே தீட்டினார் என அறிஞர்கள் கருதுகின்றனர். நம் ஆண்டவரும் யூத குலத்தில் பிறந்தவர் அல்லவா! 1661இல் ஆப்பிரிக்க மனிதர் இருவரையும் அவ்வாறே கண்ணியத்துடன் தீட்டினார். நம் நாட்டு மொகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்தும் இருபதுக்கும் மேற்பட்ட படங்கள் வரைந்தார் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும்.

செல்வம் நிலைக்கவில்லை. கடன் மிகுந்து 1656இல் நொடித்துப் போனார். வீடும் அரும்பொருட்களும் ஏலம் போயின. 1668இல் டைட்டஸும் இறந்தான். ஆயினும் தூரிகையை அவர் கீழே வைக்கவில்லை. முதுமையில் வரைந்த தம் உருவங்களில் தொங்கிய கன்னத்தையும் களைத்த கண்களையும் சிறிதும் மறைக்கவில்லை.

இளமையில், ஏறத்தாழ 1635இல், மதுக்கிண்ணத்தை உயர்த்திச் சிரிக்கும் ஊதாரி மைந்தனாகத் தம்மையே வரைந்தவர் அவர். வாழ்வின் இறுதியில் அதே உவமையை மீண்டும் எடுத்தார். இப்போது மகன் மண்டியிட்டுத் தந்தையின் மார்பில் தலை சாய்த்திருக்கிறான். ஒரு பாதம் செருப்பின்றித் தெரிகிறது. அவன் முகம் நமக்குச் சரியாகத் தெரியவில்லை. தந்தையின் இரு கைகளும் அவன் முதுகில் மெல்லப் படிந்திருக்கின்றன. அந்தக் கைகளிலேயே மன்னிப்பு முழுவதும் இருக்கிறது. இவ்வோவியம் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் உள்ளது.

1669 அக்டோபர் 4ஆம் நாள் ரெம்பிராண்ட் காலமானார். பெயர் பொறிக்காத கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

நூலகப் புத்தகத்தில் அவருடைய முதுமைப் படத்தை முதலில் கண்டபோது, அழகற்ற இந்தக் கிழவரை ஏன் போற்றுகிறார்கள் என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். அவர் வரலாற்றைப் படித்த பின்னர் வெட்கமடைந்தேன். அன்று மாலை எங்கள் வகுப்பறையைப் பெருக்கும் பாட்டியை நின்று பார்த்தேன். ஐந்தாண்டுகளாக நாள்தோறும் கண்ட முகம்தான். ஆனால் அவர் கன்னத்தில் ஒரு மச்சம் இருப்பதை அன்றுதான் கண்டேன். நான் பார்ப்பதைக் கண்டு அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அன்புத் தோழியரே, நம் எல்லோராலும் ஓவியம் தீட்ட இயலாது. எதிரே வருபவரின் முகத்தை அன்போடு நோக்க நம் எல்லோராலும் இயலும்.