கையேந்த மறுத்த தோமஸ் சங்காரா

செல்வந்த நாடுகள் வறிய நாடுகளுக்கு வழங்கும் உதவி உண்மையில் எவருக்கு உதவுகின்றது என்ற கேள்வி புதியதொன்றல்ல. நூல்களிலும் கருத்தரங்குகளிலும் அதனை எழுப்பியோர் பலர். ஆனால், ஆட்சிப் பீடத்தில் அமர்ந்திருந்தவாறே அக்கேள்வியை எழுப்பி, அதற்கமைய நாட்டை நடத்தவும் முற்பட்டு, 37 ஆவது வயதில் சுட்டுக்கொல்லப்பட்டவர் மேற்கு ஆபிரிக்க நாடான புர்கினா பாசோவின் ஜனாதிபதி தோமஸ் சங்காரா ஆவார்.

கடல் வாயில் இல்லாத, வரட்சியால் வாடும் அந்நாடு பிரான்சின் ஆட்சியிலிருந்து 1960 இல் விடுபட்டபோது மேல் வோல்டா என அழைக்கப்பட்டது. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் மரபுவழிச் சமயத்தவரும் அருகருகே வாழும் அம்மண்ணில், 1949 டிசம்பர் 21 ஆம் திகதி கத்தோலிக்கக் குடும்பமொன்றில் சங்காரா பிறந்தார். இராணுவப் பயிற்சிக்காக மடகஸ்கார் சென்ற அவர், 1972 இல் அங்கு மாணவரும் தொழிலாளரும் கிளர்ந்தெழுந்து ஆட்சியை வீழ்த்தியதைக் கண்டார். சுதந்திரக் கொடி ஏறிய பின்னரும் அதிகாரத்தின் கடிவாளம் முன்னாள் எஜமானரிடமே இருக்க முடியும் என்பதை அவர் உணர்ந்துகொண்ட காலம் அது.

1983 ஆகஸ்ட் 4 ஆம் திகதி இராணுவப் புரட்சியொன்றின் மூலம் அவர் ஆட்சிக்கு வந்தபோது வயது 33. சரியாக ஓராண்டின் பின்னர் நாட்டின் பெயரை நேர்மையாளரின் நாடு எனப் பொருள்படும் புர்கினா பாசோ என மாற்றினார்.

சங்காரா உதவியை முற்றாக வெறுத்தவர் என்று கூறுவது தவறாகும். உதவி தேவைப்படும் நிலையையே ஒழிக்க உதவுமாயின் அதனை ஏற்கலாம் என்பதே அவரது நிலைப்பாடு. பெற்றவனை மீண்டும் மீண்டும் வாசலில் நிறுத்தும் உதவியையே அவர் எதிர்த்தார். உணவுத் தட்டில் உள்ள தானியம் பிறநாட்டினுடையதாயின் தலைவிதியும் பிறர் கையிலேயே இருக்கும் என்பது அவரது வாதம்.

அவ்வாதத்தை அவர் செயலில் காட்ட முனைந்தார். அமைச்சர்களின் மெர்சிடீஸ் கார்கள் விற்கப்பட்டு, சிறிய ரெனோ கார்கள் வழங்கப்பட்டன. அரச ஊழியர் உள்நாட்டுப் பருத்தியில் நெய்த ஆடையை அணிய வேண்டியவராயினர். 1984 இறுதியில் சில வாரங்களுக்குள் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறுவர்களுக்குத் தடுப்பூசி ஏற்றப்பட்டது. பாலைவனம் பரவுவதைத் தடுக்க ஏறத்தாழ ஒரு கோடி மரக்கன்றுகள் நடப்பட்டன. இலாபம் தராது என வெளிநாட்டுக் கடன் வழங்குநர் ஒதுக்கிய ரயில் பாதையை, தலைநகர் வகடூகுவிலிருந்து கயா நகரை நோக்கி மக்களே தமது கைகளால் அமைக்கத் தொடங்கினர்.

எனினும், அவரது ஆட்சியின் மறுபக்கத்தையும் நாம் மறைத்துவிடலாகாது. 1984 இல் வேலைநிறுத்தம் செய்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டனர். சதிக் குற்றம் சாட்டப்பட்ட எழுவருக்கு அதே ஆண்டில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. எதிர்க்கட்சிகளுக்கும் சுதந்திரமான தொழிற்சங்கங்களுக்கும் இடமிருக்கவில்லை. அந்நியரிடம் மண்டியிட மறுத்தவர், சொந்த மக்களின் மறுப்பைச் சகித்துக்கொள்ளாதது வருந்தத்தக்கதே.

1987 ஜூலை 29 ஆம் திகதி அடிஸ் அபாபாவில் நடைபெற்ற ஆபிரிக்க ஒற்றுமை அமைப்பின் உச்சிமாநாட்டில் அவர் வெளிநாட்டுக் கடனைப் பற்றிப் பேசினார். கடனின் வேர் காலனித்துவத்தில் உள்ளது என்றும், அதனால் பயனடையாத மக்களிடம் அதனை அறவிடுவது நியாயமன்று என்றும் அவர் எடுத்துரைத்தார். ஆபிரிக்க நாடுகள் யாவும் ஒன்றுசேர்ந்து கடனைச் செலுத்த மறுக்க வேண்டும் என்று கோரிய அவர், தமது நாடு தனித்து மறுத்தால் அடுத்த மாநாட்டில் தாம் இருக்கப்போவதில்லை என்பதையும் சொல்லி வைத்தார். சபையில் கரவொலி எழுந்தது. ஆனால், கூட்டு முன்னணி எதுவும் உருவாகவில்லை.

மூன்று மாதங்கள்கூடக் கழியவில்லை. அவ்வாண்டு ஒக்டோபர் 15 ஆம் திகதி மேலும் 12 பேருடன் சங்காரா சுட்டுக்கொல்லப்பட்டார். மரணச் சான்றிதழிலோ இயற்கை மரணம் என எழுதப்பட்டது. நெருங்கிய தோழராயிருந்த பிளேஸ் கொம்பவோரே ஆட்சியைக் கைப்பற்றி, 1991 இல் உலக வங்கியினதும் சர்வதேச நாணய நிதியத்தினதும் கட்டமைப்புச் சீராக்கத் திட்டத்துக்கு நாட்டை உட்படுத்தினார். 27 ஆண்டுகள் ஆண்ட அவரை 2014 இல் மக்கள் எழுச்சி விரட்டியது. சங்காரா கொலை வழக்கில் 2022 ஏப்ரலில், அவர் சமுகமளிக்காத நிலையிலேயே, ஆயுட்கால சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

கொலையாளிகள் யார் என்பதை நீதிமன்றம் 35 ஆண்டுகள் கழித்தேனும் கூறிவிட்டது. அடிஸ் அபாபாவில் அவர் முன்வைத்த கேள்விக்கோ இன்னும் பதில் இல்லை. கடன் வழங்குவோர் ஒன்றுகூடி நிபந்தனைகளை வகுக்கின்றனர்; கடன்பட்ட நாடுகளோ ஒவ்வொன்றாக, தனித்தனியே அவர்கள் முன் செல்கின்றன. அன்று கைதட்டியவர்களுள் சிலரேனும் அவர் பக்கத்தில் எழுந்து நின்றிருந்தால் வரலாறு வேறாக அமைந்திருக்கலாம் என்றே நாம் எண்ணுகிறோம்.