ஏழை வீட்டுக் கணக்கை எழுதிய தமிழர்

பொருளாதார நிபுணர் என்றாலே கோட்டும் சூட்டும் போட்டு, நமக்குப் புரியாத பாஷையில் பேசுகிறவர் என்றுதானே நினைக்கிறோம்? ஜே. சி. குமரப்பாவும் முதலில் கோட்டு சூட்டுக்காரர்தான்.

1892-ல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். லண்டனில் கணக்காய்வு படித்து, பம்பாயில் ஆடிட்டராகத் தொழில் நடத்தினார். 1927-ல், முப்பத்தைந்து வயதில், மறுபடியும் மாணவராகி அமெரிக்கா போனார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் செலிக்மனிடம் படித்தார். டாக்டர் அம்பேத்கர் படித்ததும் இவரிடம்தான். இந்தியா ஏன் ஏழையாய்க் கிடக்கிறது என்பதே குமரப்பா எடுத்துக்கொண்ட கேள்வி. வெள்ளைக்கார சர்க்கார் வாங்கும் வரி எங்கே போகிறது என்று துருவிப் பார்த்தார். பட்டாளத்துக்கும் கடன் வட்டிக்கும் பெரிய உத்தியோகஸ்தர்களுக்கும் போனது போக, குடியானவனுக்குத் திரும்பி வந்தது சொற்பம்.

1929-ல், அதாவது நம் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் ஆரம்பித்த அதே வருஷம், சபர்மதியில் காந்தியைச் சந்தித்தார். காந்தி அந்த ஆராய்ச்சியைத் தமது பத்திரிகையில் தொடராகப் போட்டார். குமரப்பா கதருக்கு மாறி, குஜராத் வித்யாபீடத்தில் பேராசிரியரானார்.

அங்கே அவர் செய்த வேலைதான் நமக்கு முக்கியம். மாத்தர் தாலுகாவில் கிராமம் கிராமமாகக் கணக்கெடுக்கச் சொன்னார்கள். அவருக்கோ குஜராத்தி தெரியாது. மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய் 54 கிராமங்களில் விசாரித்தார். நிலம் எவ்வளவு, விளைச்சல் எவ்வளவு, கடன் எவ்வளவு, வரி கட்டியபின் கையில் மிஞ்சுவது என்ன என்று எல்லாம் எழுதினார்கள். வரி கட்டத் தெம்பில்லாத குடியானவனிடம் வரி கறந்த கதை கணக்காகவே வெளியே வந்தது.

சம்பளப் பேச்சுவார்த்தையில் முதலாளி பக்கம் தடித்தடியாகக் கணக்குப் புத்தகம் கொண்டு வருவார்கள். நாம் என்ன கொண்டு போகிறோம்? அரிசிக்கு, மருந்துக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு மாசம் எத்தனை வெள்ளி என்று லயத்தில் எத்தனை வீட்டில் எழுதி வைத்திருக்கிறோம்?

1934-க்குப் பிறகு வார்தாவில் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தினார். செக்கு எண்ணெய், கைக்காகிதம், கைக்குத்தல் அரிசி என்று ஆராய்ச்சி. அரிசியைத் தீட்டித் தீட்டி வெளுப்பாக்கினால் சத்து போய்விடும் என்பது அவர் கட்சி. மலாயாவிலும் அந்தக் காலத்தில் வெள்ளரிசி தின்றவர்களைத்தான் பெரிபெரி வாட்டியது; புழுங்கலரிசி தின்ற நம்மவர்களை அவ்வளவாகத் தொடவில்லை. ஆனால் பெரிய ஆலைகளை அவர் எதிர்த்ததை நாம் அப்படியே ஒப்ப முடியாது. கொழுந்தை வீட்டுத் திண்ணையில் அரைக்க முடியுமா என்ன?

சுதந்திரத்துக்குப் பின் காங்கிரஸின் நிலச் சீர்திருத்தக் கமிட்டிக்குத் தலைவராக இருந்தார். உழுகிறவனுக்கே நிலம், விவசாயக் கூலிக்குக் குறைந்தபட்சச் சம்பளம் என்று 1949-ல் அறிக்கை கொடுத்தார். அதில் பெரும்பகுதி காகிதத்தோடு நின்றது.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசிக் காலத்தை மதுரைப் பக்கம் கல்லுப்பட்டி ஆசிரமத்தில் கழித்தார். 1960 ஜனவரி 30-ல், காந்தி மறைந்த அதே தேதியில், சென்னையில் காலமானார்.