பால் பிராண்ட்

பால் வில்சன் பிராண்ட் (ஜூலை 17, 1914 - ஜூலை 8, 2003) தொழுநோயால் முடங்கிய கை, கால்களைத் தசைநாண் மாற்று அறுவைச் சிகிச்சையால் மீண்டும் இயங்கச் செய்த மருத்துவர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியவர்.

வாழ்க்கைக் குறிப்பு

ஆங்கிலேய மதப்பணியாளர்களான ஜெசி பிராண்ட், ஈவ்லின் இணையருக்குத் தமிழ்நாட்டில் பிறந்தார். ஒன்பதாம் வயதில் கல்விக்காக இங்கிலாந்து சென்றார். 1929 இல் தந்தை கொல்லிமலையில் காய்ச்சலால் இறந்தார். பிராண்ட் முதலில் கட்டட வேலை பயின்று, பின்னர் இலண்டனில் மருத்துவம் கற்றார். அங்கு உடன் பயின்ற மார்கரெட்டை மணந்தார். 1946 இல் வேலூர் வந்தார்.

மருத்துவப் பணி

தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி உதிர்கின்றன என்றே அக்காலத்தில் பலரும் நம்பினர். நரம்பு கெட்டு வலியுணர்வு அற்றுப்போவதால், உணரப்படாத காயங்களே உறுப்புகளை அழிக்கின்றன என்பதைப் பிராண்ட் எடுத்துக்காட்டினார். உறங்கும்போது நோயாளிகளின் விரல்களை எலிகள் கடிப்பதும் கண்டறியப்பட்டது. வீடு திரும்புவோருக்குப் பூனைகள் கொடுத்தனுப்பப்பட்டன.

முழங்காலின் வெளிப்புற நரம்பு பாதிக்கப்பட்டால் பாதத்தை உயர்த்த இயலாது; நடக்கையில் பாதம் தொங்கும். கணைக்காலின் பின்புறத் தசை பெரும்பாலும் நலமாக இருக்கும். அதன் தசைநாணைப் பிரித்து, பாதத்தின் முன்பகுதியில் இணைத்தால் நோயாளி மீண்டும் பாதத்தை உயர்த்தலாம். இளம்பிள்ளை வாதத்திற்குக் கையாளப்பட்ட இம்முறை வேலூரில் தொழுநோயாளிகளுக்கும் பயன்பட்டது. இதில் தசையின் குருதியோட்டமும் நரம்பும் துண்டிக்கப்படுவதில்லை. தசையை முற்றிலும் வெட்டியெடுத்து, நுண்ணோக்கியின் உதவியால் குருதிக்குழாய்களை வேறிடத்தில் இணைக்கும் முறை 1970களிலேயே வளர்ந்தது.

பாதப் புண்களை மாவுக்கட்டிட்டு ஆற்றுவதும், புண் மீண்டும் வராமல் தடுக்க மென்மையான நுண்துளை இரப்பர் செருப்பு அணிவிப்பதும் இவரது குழுவினரின் பணிகளாகும்.

கை சீரான பின்னும் நோயாளிகளுக்கு ஊரில் வேலை கிடைக்கவில்லை. எனவே வேலூரில் நவஜீவ நிலையம் தொடங்கப்பட்டு, தச்சு முதலிய தொழில்கள் கற்பிக்கப்பட்டன. பிராண்ட் இளமையில் கற்ற கட்டட வேலை இங்கு பயன்பட்டது.

பிற்காலம்

1960 இல் ஆல்பர்ட் லாஸ்கர் விருது பெற்றார். 1966 இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்று இருபது ஆண்டுகள் பணியாற்றினார். வேலூரில் கற்ற பாதப் பாதுகாப்பு முறைகள் அங்கிருந்து நீரிழிவு நோயாளிகளின் பாதப் புண் சிகிச்சைக்கும் பரவின. வலியுணர்வு உடலைக் காக்கும் கொடை என்னும் கருத்தை விளக்கி, பிலிப் யான்சியுடன் இணைந்து 1993 இல் நூலொன்றை வெளியிட்டார். சியாட்டில் நகரில் தமது 88 ஆம் வயதில் காலமானார்.